கேமரா பேட்டரி பேக்: படத்தில் விட்டுப்போன ஃபியூஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் அறிவியல் இணைப்பில், வீடியோ கேமராவுக்கு வெளியிலிருந்து மின்சாரம் தரும் பேட்டரி பேக்கை வீட்டிலேயே செய்வது எப்படி என்று அரைப் பக்கத்துக்குப் படத்தோடு ஒரு கட்டுரை வந்திருந்தது. இப்படி ஒரு விஷயத்துக்குத் தமிழில் இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. எழுதியவர் சொன்ன காரணங்கள் எல்லாம் சரியானவை. ஆனால் கூடவே போட்டிருந்த படத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. செல்களிலிருந்து சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் கிளம்பி நேராகக் கேமராவுக்குப் போகின்றன. நடுவில் ஒன்றுமே இல்லை. ஃபியூஸ் இல்லை, செல்கள் அளவுக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் காக்கும் பிஎம்எஸ் போர்டு இல்லை, எத்தனை வோல்ட் என்றுகூட எழுதவில்லை. கட்டுரையைப் படிக்கிறவர்கள் எழுத்தைவிடப் படத்தைத்தான் பார்த்துச் செய்வார்கள். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம். சுருக்கி வெளியிடுவதாக இருந்தால் வேறு எதை வெட்டினாலும் ஃபியூஸ் பற்றிய பகுதியை வெட்டிவிட வேண்டாம்.

மேடை நாடகங்களைப் பதிவு செய்வது என் தொழில். விஎச்எஸ் கேமராவைத் தோளில் சுமந்த காலத்திலிருந்து இதில் இருக்கிறேன். நாடகத்தை நடுவில் நிறுத்தி மறுபடி எடுக்க முடியாது. சின்னக் கேமராக்களோடு வரும் பேட்டரி ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நாடகமோ இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். சரியாக உச்சக் காட்சியில் பேட்டரியைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். பதிவில் ஒரு இடைவெளி விழும், டிரைபாடும் அசைந்து காட்சிக் கோணம் மாறிவிடும். சுவரில் இருக்கும் பிளக்கில் மாட்டலாமே என்பார்கள். கேமரா நிற்பது அரங்கின் நடுவில். இருட்டில் ஆட்கள் நடக்கும் வழியில் ஒயர் போட்டால் யாராவது தடுக்கி விழுவார்கள், இல்லை கேமரா விழும். இன்னொன்றும் உண்டு. மேடை விளக்குகளின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரோடு ஒரே மின் இணைப்பில் கேமராவும் இருந்தால், பல அரங்குகளில் ஒலிப்பதிவில் ஒரு ரீங்காரம் வந்து ஒட்டிக்கொள்ளும். நடிகர் மெல்லிய குரலில் பேசும்போது அதுதான் முன்னால் கேட்கும். பேட்டரியில் ஓடும் கேமராவுக்கு அந்தத் தொல்லை இல்லை. எனக்கு வெளிப் பேட்டரியின் மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததற்குப் படத்தைவிட ஒலிதான் பெரிய காரணம்.

அப்புறம் பழைய கேமராக்கள். லென்ஸ் நன்றாக இருக்கும், சென்சார் நன்றாக இருக்கும், பேட்டரி மட்டும் செத்திருக்கும். அந்த வகைப் பேட்டரியைத் தயாரிப்பதையே நிறுத்தியிருப்பார்கள். நல்ல கருவி ஒன்று குப்பைக்குப் போவதைத் தடுக்க ஒரு வெளிப் பேக் போதும். எனவே வீட்டில் பேக் செய்யவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. செய்ய வேண்டும், முழுதாகச் செய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி.

முதலில் ஃபியூஸ். 18650 என்ற லித்தியம் அயன் செல் பார்க்கச் சின்னது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அந்த எண்ணுக்கே அதுதான் பொருள். கையில் எடுத்தால் ஐம்பது கிராம்கூட இருக்காது. டார்ச் லைட் பேட்டரியின் அண்ணன் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் நல்ல நிலையில் உள்ள செல்லின் உள் எதிர்ப்பு பெரும்பாலும் 0.05 ஓமுக்கும் கீழே. பிளஸ்ஸும் மைனஸும் எங்காவது தொட்டுக்கொண்டால் அந்த நொடியிலேயே பல பத்து ஆம்பியர் பாயும். மூன்று செல்லைப் பக்க இணைப்பில், அதாவது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்துப் போட்டிருந்தால் அதைப் போல் மூன்று மடங்கு. கேமராவுக்குப் போகும் ஒயரோ ஒன்றிரண்டு ஆம்பியருக்கானது. அது சிவந்து, மேலுறை உருகி, பக்கத்தில் இருப்பதைப் பற்ற வைக்கும். டிரைபாட் காலை மடக்கும்போது ஒயர் நசுங்கினாலே இது நடக்கப் போதும்.

எனவே பேக்கின் பிளஸ் முனையிலிருந்து ஒயர் கிளம்பிய உடனே, ஒரு சாண் தூரம்கூடப் போவதற்குள், ஃபியூஸ் இருக்க வேண்டும். கேமரா பக்கத்தில் வைத்தால் பயனில்லை. பேக்குக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள ஒயருக்கு அப்போது காவல் கிடையாது. சிலர் ஃபியூஸ் கேமராவைக் காப்பாற்றுவதற்கு என்று நினைக்கிறார்கள். அது ஒயரைக் காப்பாற்றுவதற்கு, அதாவது தீயைத் தடுப்பதற்கு. 8 வாட் எடுக்கும் கேமரா 7.2 வோல்ட்டில் சுமார் 1.1 ஆம்பியர் இழுக்கும். ஆன் செய்யும் நொடியில் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். அதற்கு 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்தம். கார்களில் இருக்கும் தட்டை ஃபியூஸும், ஒயரோடு வரும் அதன் கூடும் இதற்கு நன்றாக ஒத்துவரும். ஃபியூஸ் போனால் ஏன் போனது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் அடுத்ததைப் போட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டிவிடலாம் என்று ஒருபோதும் நினைக்கக் கூடாது.

பிஎம்எஸ் போர்டிலேயே ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கிறதே, ஃபியூஸ் எதற்கு என்று ஒரு கேள்வி வரும். அந்தப் போர்டில் மின்சாரத்தைத் துண்டிப்பது மாஸ்ஃபெட் என்ற சின்ன சிலிக்கான் ஸ்விட்ச். அது கெட்டுப்போகும்போது பெரும்பாலும் திறந்த நிலையில் கெடாது, ஒட்டிக்கொண்டே கெடும். பிறகு துண்டிக்க ஆள் இருக்காது. இரண்டும் வேண்டும்.

இனி எத்தனை வோல்ட், எத்தனை செல் என்ற விஷயம். லித்தியம் அயன் செல் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஆனதும் 4.2. தீர்ந்த நிலையில் 3 வோல்ட்டைச் சுற்றி. இரண்டைத் தொடராக, அதாவது ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு இணைத்தால் 7.2, முழுச் சார்ஜில் 8.4. சின்ன, நடுத்தர வீடியோ கேமராக்களில் பெரும்பாலானவை இந்த 7.2 வோல்ட் வகைதான். அவற்றின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், பல நிறுவனங்களுடையதில் 8.4 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். காரணம் இதுதான்: முழுதாகச் சார்ஜ் ஆன இரண்டு செல்லின் அளவு அது. சோனியின் என்பி-எஃப் 970 என்ற பெரிய பேட்டரியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பவை ஆறு 18650 செல்கள். மூன்று மூன்றாகப் பக்க இணைப்பில் போட்டு, அந்த இரண்டு தொகுதிகளைத் தொடராக இணைத்திருக்கிறார்கள். வீட்டில் நாம் செய்யப் போவதும் அதே அமைப்புதான்.

உங்கள் கட்டுரை, பேட்டரியில் mAh என்று போட்டிருக்கும் மில்லி ஆம்பியர் அவரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தது. வெவ்வேறு வோல்ட்டில் உள்ள பேட்டரிகளை அதை வைத்து ஒப்பிட முடியாது. வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்கி வரும் வாட் அவர்தான் உண்மையான இருப்பு. 3,000 மில்லி ஆம்பியர் அவர் உள்ள ஆறு செல், ஒவ்வொன்றும் 3.6 வோல்ட் என்றால் மொத்தம் 64.8 வாட் அவர். முழுவதும் கைக்கு வராது. 85 விழுக்காடு என்று வைத்தால் 55 வாட் அவர். 8 வாட் கேமராவுக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். ஒரு நாடகத்துக்கும் அதற்கு முந்தைய ஒத்திகைக்கும் தாராளமாகப் போதும். செல்களின் எடை மொத்தம் 300 கிராமுக்குள். யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் லெட் ஆசிட் பேட்டரியில் கணக்குப்படி 84 வாட் அவர் உண்டு, ஆனால் எடை இரண்டு கிலோவைத் தாண்டும். பழைய விஎச்எஸ் கேமராக்களில் அந்த லெட் ஆசிட் வகையைச் சுமந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தோளிலேயே தெரியும். 1991-ல் சோனி லித்தியம் அயன் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அது தொடக்கத்திலேயே இடம்பிடித்த கருவிகளில் ஒன்று வீடியோ கேமரா. அதை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அந்த மூவருக்கும் கடன்பட்டவர்கள் என்றே நான் நினைக்கிறேன்.

செல் வாங்கும்போது உறையில் 9,900 என்று அச்சிட்டிருந்தால் தொடவே வேண்டாம். 18650 அளவில் நல்ல செல்லின் கொள்ளளவு 2,500-லிருந்து 3,500 வரை. அதற்குச் சற்று மேலே போனவை உண்டு, 9,900 கிடையாது. அந்த உறைக்குள் இருப்பது பெரும்பாலும் எங்கோ கழித்துப்போட்ட செல். தராசில் வைத்தால் நல்ல செல்லைவிட எடை குறைவாகவே இருப்பதைப் பல நேரம் பார்க்கலாம்.

பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து செல்களைப் பிரித்தெடுப்பதைக் கட்டுரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தது. நானும் அப்படி எடுத்த செல்களைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நிறைய வேலை இருக்கிறது. உறையைப் பிளக்கும்போது உள்ளே கத்தி இறங்கவே கூடாது. பிளாஸ்டிக் நெம்பியால் ஓரத்தில் மெதுவாக நெம்ப வேண்டும். எடுத்ததும் ஒவ்வொரு செல்லையும் அளக்க வேண்டும். 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல்லை உயிர்ப்பிக்கப் பார்க்காமல் ஒதுக்கிவிடுவதுதான் நல்லது. மிச்சமுள்ளவற்றைத் தனித்தனியாக முழுச் சார்ஜ் செய்து, சில வாரம் சும்மா வைத்து, மறுபடி அளந்து பார்ப்பேன். தானாக இறங்கிப் போயிருக்கும் செல்லும், சார்ஜ் ஆகும்போது சூடேறும் செல்லும் பேக்குக்கு வேண்டாம். கொள்ளளவு அளக்கும் சார்ஜரில் போட்டு, ஒன்றுக்கொன்று நெருக்கமாக வரும் செல்களை மட்டும் சேர்க்க வேண்டும். தொடர் இணைப்பில் பலவீனமான செல் எப்போதும் முதலில் தீரும். மற்றவை அதைத் தாண்டியும் மின்சாரத்தை இழுக்க, அது இன்னும் கீழே தள்ளப்படும். அடுத்த சார்ஜில் அதுவே முதலில் நிரம்பி அளவுக்கு மேல் போகும். ஒரு கெட்ட செல் பேக் முழுவதையும் கெடுத்துவிடுகிறது.

18650-ஐ ஒருமுறை கண்ணருகே வைத்துப் பாருங்கள். மேலே சின்ன வட்டமாக இருக்கும் தொப்பி பிளஸ். அடிப்பாகம் மட்டுமே மைனஸ் என்று நினைப்போம். உண்மையில் பக்கச் சுவர் முழுவதும் மைனஸ். அதுவும் மேலே ஏறி, தொப்பியைச் சுற்றி உள்ளே மடங்கி விளிம்பாக நிற்கும். தொப்பிக்கும் அந்த விளிம்புக்கும் நடுவில் மிகச் சிறிய இடைவெளிதான். அந்த விளிம்பை மறைத்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறையும், அதன் அடியில் ஒரு வளையமும். உறை அந்த இடத்தில் கிழிந்து, மேலே செல்களை இணைக்கும் நிக்கல் பட்டை சாய்வாகப் போனால் பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றாகிவிடும். அதனால் கிழிந்த உறையை, சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டு மாற்ற வேண்டும், பிளஸ் முனையில் புது வளையம் ஒட்ட வேண்டும். துளி நேர வேலை, ஆனால் இதை விட்டால் மற்றது எதுவும் உதவாது.

செல்லின் மேல் நேரடியாகச் சால்டர் வைக்கச் சொல்லியிருந்தார்கள். வேண்டவே வேண்டாம். உள்ளே பிளஸ் தகட்டையும் மைனஸ் தகட்டையும் பிரித்து வைத்திருப்பது பாலிஎதிலீன் போன்ற மெல்லிய படலம். சுமார் 130 டிகிரி செல்சியஸில் அது உருக ஆரம்பிக்கும். சால்டரிங் அயனின் முனை 350 டிகிரியைச் சுற்றி இருக்கும். செல் அப்போதே கெட்டால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். உள்ளே காயத்தோடு நல்லது போல் நடந்துகொண்டு பல மாதம் கழித்துக் காலை வாருவதுதான் ஆபத்து. ஸ்பாட் வெல்டிங் மெஷின் இருக்கிறவர்கள் நிக்கல் பட்டை வைத்து வெல்ட் செய்யட்டும். இல்லாதவர்கள் ஸ்பிரிங் வைத்த செல் ஹோல்டரை வாங்கி அதில் ஒயரைச் சால்டர் செய்துகொள்ளலாம். அதில் கூடுதல் வசதி, ஒவ்வொரு செல்லையும் வெளியே எடுத்துத் தனியாகச் சார்ஜ் செய்ய முடியும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் எப்போதும் ஹோல்டரைத்தான் சொல்வேன். ஆனால் பக்க இணைப்பு ஹோல்டரில் செல் போடும்போது எல்லாச் செல்லும் ஒரே வோல்ட்டில் இருக்க வேண்டும். நிரம்பிய செல்லையும் தீர்ந்த செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடையில்லாமல் மின்சாரம் பாயும்.

பிஎம்எஸ் போர்டு, இரண்டு செல் தொடருக்கானது என்று கேட்டு வாங்க வேண்டும். எந்தச் செல்லும் சுமார் 4.25, 4.3 வோல்ட்டைத் தாண்டாமலும் அடிமட்டத்துக்குக் கீழே இறங்காமலும் அது பார்த்துக்கொள்ளும். தொடரில் இரண்டு தொகுதிகளும் சேரும் நடுச் சந்திப்பிலிருந்து ஒரு ஒயர் போர்டுக்குப் போக வேண்டும். அதை இணைக்காமல் விட்டால் போர்டுக்குத் தனித்தனிச் செல்லின் நிலை தெரியாது. செல்களைச் சமன்படுத்தும் வசதி எல்லாப் போர்டிலும் இல்லை. இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

கேமராவோடு பேக்கைப் பொருத்துவதில் என் கருத்து ஒன்று உண்டு. முடிந்தவரை நடுவில் வோல்ட்டேஜ் மாற்றும் மாட்யூல் இல்லாமல் செய்ய வேண்டும். 7.2 வோல்ட் கேமராவுக்கு இரண்டு செல் தொடர், அதன் சொந்தப் பேட்டரி போகும் எல்லைக்குள்ளேயே போகும், சரியான சார்ஜரில் ஏற்றியிருந்தால் 8.4-ஐத் தாண்டாது. 14.4 வோல்ட் பேட்டரி மாட்டும் பெரிய கேமராவுக்கு நான்கு செல் தொடர். கேமரா கேட்பதைப் பேக் நேராகவே தருகிறது. பலர் கையில் கிடைத்த 12 வோல்ட் பேட்டரியை எடுத்து எல்எம் 2596 மாட்யூலில் குறைத்துக் கேமராவுக்குக் கொடுக்கிறார்கள். மாட்யூல் நல்ல மாட்யூல்தான். ஆனால் அதன் உள் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு கெட்டால் 12 வோல்ட்டும் நேராகக் கேமராவுக்குள் இறங்கும். வேறு வழியில்லை, மாட்யூல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அதன் வெளி முனையில் வோல்ட் எல்லை மீறினால் லைனை ஷார்ட் செய்து ஃபியூஸை எரித்துவிடும் க்ரோபார் சர்க்யூட் ஒன்றையும் சேர்க்க வேண்டும்.

அந்த மாட்யூலைச் செட் செய்வதையும் சொல்லிவிடுகிறேன், பலர் இங்கேதான் கேமராவைப் பறிகொடுக்கிறார்கள். கேமராவை இணைக்காமல், மல்டிமீட்டரை மட்டும் வெளி முனையில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்யூலின் மேல் இருக்கும் சின்ன நீலப் பெட்டியின் தலையில் ஒரு பித்தளைத் திருகு இருக்கும். சின்ன ஸ்குரூடிரைவரால் இடப்பக்கமாகத் திருப்பினால் வோல்ட் இறங்க வேண்டும். ஆனால் புது மாட்யூலில் பல சுற்றுத் திருப்பியும் மீட்டர் அசையாது. மாட்யூல் கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தத் திருகு பல சுற்றுப் போகும் வகை, தொடக்கத்தில் அது கடைசி முனையில் நிற்கும். பொறுமையாகத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எண் மளமளவென்று இறங்கத் தொடங்கும். அங்கிருந்து கால் சுற்று, அரைக்கால் சுற்றாகப் போய் வேண்டிய வோல்ட்டில் நிறுத்துங்கள். பிறகு திருகின் மேல் ஒரு துளி நெயில் பாலிஷ். பையில் குலுங்கித் திருகு நகர்ந்தால் வோல்ட்டும் நகரும்.

பிளஸ் எது, மைனஸ் எது என்பதையும் ஊகிக்கக் கூடாது. வட்டப் பிளக்கின் நடு ஊசி எல்லாக் கேமராவிலும் பிளஸ் இல்லை. அடாப்டரில் வட்டமும் புள்ளியுமாக ஒரு குறி அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்த்து, மீட்டரிலும் அளந்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அடாப்டரின் பிளக்கை மாட்டும் டிசி துளையே இல்லாத கேமராவுக்கு டம்மி பேட்டரி வேண்டும். பேட்டரி வடிவில் உள்ளே செல் இல்லாமல், தொடுமுனைகள் மட்டும் உள்ள கூடு அது. சில கேமராக்கள் பேட்டரிக்குள் இருக்கும் சிப்போடு பேசிப் பார்க்கும், பதில் வராவிட்டால் ஆன் ஆக மறுக்கும். அந்த வகைக்கு அதே மாடலுக்கென்று விற்கும் டம்மியை வாங்குவதுதான் வழி. மீதி எத்தனை நிமிடம் என்று திரையில் காட்டுவதும் அந்தச் சிப் சொல்வதால்தான். வெளிப் பேக்கில் அது பெரும்பாலும் தெரியாது. அதனால் பேக்கின் மேல் ஒரு சின்ன வோல்ட் மீட்டர் பொருத்திவிட்டால் நிம்மதி.

கனெக்டர் எக்ஸ்டி 30 போல இறுகப் பிடித்துக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். பேக் பக்கத்தில் குழிவான பாதிதான் வர வேண்டும். ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதியைப் பேக்கில் வைத்தால் பைக்குள் சாவிக்கொத்து பட்டாலே போதும். ஒயரை டிரைபாட் காலில் கட்டி, கேமரா திரும்புவதற்குத் தளர்வு விட்டுவிடுங்கள். பேக்கை நடுத்தண்டின் கொக்கியில் தொங்கவிட்டால் அந்த எடை டிரைபாடை நிலையாக நிறுத்தும். பெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், ஆனால் காற்றுப் புகாமல் அடைத்துவிட வேண்டாம். செல் எப்போதாவது வாயுவை வெளியே தள்ளினால் போக வழி வேண்டும்.

சார்ஜர், இரண்டு லித்தியம் செல்லுக்கென்று செய்த 8.4 வோல்ட் சார்ஜர் மட்டுமே. முதலில் மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்து ஏற்றி, முடிவில் வோல்ட்டை ஒரே அளவில் பிடித்து மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவது அதன் வேலை. 8.4 வோல்ட் காட்டுகிறது என்பதற்காகக் கேமரா அடாப்டரை நேராகப் பேக்கில் மாட்டக் கூடாது. ஆறு செல் பேக் 9 ஆம்பியர் அவர். 2 ஆம்பியர் சார்ஜரில் ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆகும். அந்த நேரம் வீட்டில் யாராவது விழித்திருக்க வேண்டும். கட்டில், மெத்தை, காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாத வெறும் தரையில் வைத்துத்தான் சார்ஜ் செய்ய வேண்டும். நீண்ட நாள் பயன்படுத்தாமல் வைப்பதானால் செல்லுக்கு 3.7, 3.8 வோல்ட் அளவில், பாதிச் சார்ஜில் வைக்கலாம். வீங்கிய, அடிபட்ட, துளைபட்ட செல்லைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

விமானத்தில் வீட்டுப் பேக் வேண்டாம். 100 வாட் அவருக்கு உட்பட்ட பேட்டரியைக் கைப்பையில் கொண்டு போகலாம் என்ற பொது விதி, லித்தியம் பேட்டரிகளைக் கொண்டு போவதற்கான யூஎன் 38.3 என்ற பாதுகாப்புச் சோதனையில் தேறிய வகைகளுக்கானது. நாம் செய்த பேக் அந்தச் சோதனைக்குப் போனதில்லை. பயணத்துக்குக் கம்பெனி பேட்டரிதான்.

இன்னொன்றையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கேமரா யூஎஸ்பி-சி வழியே மின்சாரம் வாங்கிக்கொண்டே ஓடும் வகை என்றால், பேக்கே செய்ய வேண்டாம். கேமரா கேட்கும் வாட்டைத் தரும் நல்ல பவர் பேங்க் போதும். 20,000 என்று போட்டிருப்பது உள்ளே 3.7 வோல்ட்டில், அதாவது 74 வாட் அவர், வெளியே வருவது அதைவிடக் கொஞ்சம் குறையும். கேமரா குறைவாக மின்சாரம் எடுக்கும்போது சில பவர் பேங்க் தானாகவே அணைந்துவிடும். நிகழ்ச்சிக்கு முன் வீட்டில் முழு நேரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேமரா தயாரிப்பவர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. டிசி துளைக்குப் பக்கத்தில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், நடு ஊசி பிளஸ்ஸா மைனஸா என்ற மூன்றையும் கேமராவின் உடம்பிலேயே அச்சிட வேண்டும். பல மாடல்களில் அது அடாப்டரிலோ கையேட்டின் கடைசிப் பக்கத்திலோதான் இருக்கிறது. அடாப்டர் தொலைந்து, கையேடு போன பழைய கேமராவை வைத்திருப்பவர் எங்கே போய்த் தேடுவார்?

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அந்தப் படத்தைத் திருத்தி அதே பக்கத்தில், அதே அளவில் மறுபடி வெளியிடுங்கள். ஆறு செல், நடுச் சந்திப்பிலிருந்து ஒயரோடு பிஎம்எஸ் போர்டு, அதன் பிளஸ் முனையை ஒட்டி 3 ஆம்பியர் ஃபியூஸ், குழிவான கனெக்டர், கேமரா. வேண்டுமானால் என் பேக்கைத் திறந்து வைத்துப் புகைப்படம் எடுத்து அனுப்புகிறேன். கட்டுரை எழுதியவரோடு பேசவும் தயார். அவருக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. ஏற்கெனவே பழைய படத்தைப் பார்த்துச் செய்துவிட்ட வாசகர்கள், திருத்தம் வரும்வரை பேக்கைக் கேமராவிலிருந்து கழற்றி, ஒயர் முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி வையுங்கள். சார்ஜ் போட வேண்டாம்.

இப்படிக்கு,
மேடை நாடகங்களைப் பதிவு செய்யும் உங்கள் வாசகர்